செம்பட்டு முடிச்சு

டொக்டர் ஐயா, முதல்ல இருக்கத் தந்த இந்தக் கதிரைக்கு நன்றி. எழுபத்தேழுக் கலவரத்தோட மலைநாட்டில இருந்து உருத்திரபுரத்துக்கு வந்து பதினேழு வருசம். பழனியாண்டி எண்ட பேர் வயல் வரம்பில வேலைக்குக் கூப்பிடத்தான். வீட்டு முத்தத்தில எனக்கு ஒருத்தரும் கதிரை போட்டதில்லை. பிறகு கதிரை வந்தது, என்ர மனிசி தங்கம்மாவாலதான். ஊரோட ஒத்து நான் "ஓம்" எண்டு கதைக்கப் பழகீட்டன். அவள் கடைசிவரைக்கும் "ஆமாங்க"தான்.

அவளை ஏன் கொழும்புக்குக் கொண்டுபோகேல்லை எண்டு கேக்கிறியள். நியாயமான கேள்வி. சொல்லுறன்.

போன வருசம் அம்மன் கோயில் பொங்கலுக்குக் குனிஞ்சு அடுப்பு ஊதினவள், நிமிரேக்க முகம் வெளிறி, வேர்த்து ஊத்தி, கைகால் உதறுது. "அம்மன் வந்திட்டா" எண்டு சனம் விழுந்து கும்பிட்டுது. வயல்காரர் செல்வநாயகத்தார், என்னை "டேய்" எண்டு கூப்பிடுற மனிசன், கைகட்டிக்கொண்டு, "தாயே, என்ர நாம்பன் மாட்டைக் காணேல்லை" எண்டார். அவள் தலையைப் பிடிச்சுக்கொண்டு, "மூச்சு முட்டுது, எல்லாரும் குளத்துப் பக்கம் போங்க" எண்டாள். போனா, மாடு குளத்தடியில நிக்குது. அந்த வெயிலுக்கு மாடு வேற எங்க நிக்கும்? அடுத்தநாள் தன்ர வீட்டில கதிரை போட்டு, "இருங்கோ பழனியாண்டி" எண்டார். உண்மையைச் சொன்னா, நான் அழுதிட்டன்.

பிறகுதான் கிளிநொச்சிக்கு உங்களிட்ட வந்தனாங்கள். கிட்னிக்கு மேல ஒரு கட்டி, அபூர்வமான வருத்தம், பரம்பரையில வாறது, அவளின்ர தேப்பனும் இதாலதான் செத்திருப்பார், மகளையும் ஒருக்காக் காட்டுங்கோ எண்டு சொன்னீங்கள். கொழும்பில வெட்டி எடுத்தா சுகம். அதுவரைக்கும் வயித்தை அமத்திப்போடாதேங்கோ, அமத்தினா கோயிலில வந்த மாதிரி உடன வரும் எண்டும் சொன்னீங்கள். நல்லா விளங்கப்படுத்தினீங்கள் ஐயா. நான் மறக்கேல்லை.

வன்னியை விட்டுப் போறதெண்டா இயக்கத்திட்ட பாஸ் வேணும், பிணை நிக்க ஒராள் வேணும். செல்வநாயகத்தார் தானாவே, "நான் நிக்கிறன்" எண்டார். "அம்மன் வேண்டாமெண்டிட்டா" எண்டன். அவர் கன்னத்தில போட்டுக்கொண்டார். தங்கம்மா ஒவ்வொரு நாளும், "ஏங்க, பாஸ் வந்திச்சா?" எண்டு கேப்பாள். "வரும் புள்ள" எண்டுவன்.

வெள்ளிக்கிழமையில சனம் கூடும். அவளின்ர வயித்தைச் சுத்திச் செம்பட்டுக் கட்டுவன். அம்மனுக்குக் கட்டுறதுதானே. கொஞ்சம் இறுக்கினா கொஞ்சம் வருவா, நல்லா இறுக்கினா நல்லா வருவா. "வேணாங்க, தல வெடிக்குது" எண்டு அழுவாள். எனக்கும் மனம் கேக்காது. நெத்தியைத் தடவிவிட்டிட்டுத்தான் முடிச்சுப் போடுவன்.

ஆடிப்பூரத்தண்டு கோயில் கொள்ளாத சனம். எனக்கு முன்வரிசையில கதிரை. முழங்காலை அவளின்ர முதுகில குடுத்து இழுத்துக் கட்டினன். அம்மன் வந்தா. போகேக்க அவளையும் கூட்டிக்கொண்டு போயிட்டா.

ஓம் ஐயா, நான்தான் செய்தனான். ஆனா ஒருநாளும் அவளைக் கைநீட்டி அடிச்சதில்லை. ஊரில யாரையும் கேளுங்கோ.

மகளோ? நீங்கள் ஆளனுப்பினபடியால் கூட்டிவந்தனான், வெளியில நிக்கிறாள். சுமித்திராவுக்குச் சோதனை ஒண்டும் வேண்டாம். கொஞ்சம் தலையிடி, கொஞ்சம் வேர்வை, வேற ஒண்டுமில்லை. கெதியா விடுங்கோ ஐயா. தாயின்ர துடக்குக் கழிஞ்சு முதல் வெள்ளி இண்டைக்கு. பட்டைத் தோய்ச்சுக் காயப்போட்டிட்டு வந்தனான்.