பலவேசம் அண்ணாச்சி கட்டிய கம்பி

தலைமை தாங்கும் அருமைநாயகம் ஐயா அவர்களே, பாவூர்சத்திரத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திவரும் அகமது கபீர் அண்ணாச்சி அவர்களே, கணவரைப் பறிகொடுத்த துக்கம் ஆறாத நிலையிலும் இங்கே வந்து அமர்ந்திருக்கும் குழல்வாய்மொழி மதினி அவர்களே, அடைமழையில் குடையும் சாக்குமாகத் திரண்டிருக்கும் தென்காசிப் பெருமக்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, சென்னையிலிருந்து வந்திருக்கும் பிரபல ஒளிப்பதிவாளர் ஞானதுரை என்று சொன்னார்கள். அந்தப் பிரபலம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

யாரை இழந்துவிட்டு நிற்கிறோம்? தந்திரக் காட்சிச் சக்கரவர்த்தி பலவேசம் அவர்களை இழந்துவிட்டு நிற்கிறோம். மந்திரவாதி வானத்தில் பறக்கிறானே, பறக்கவிட்டவர் யார்? பலவேசம்! கடலுக்கடியில் ஒரு பட்டணம் மினுக்குகிறதே, அதை நெட்டியாலும் சுண்ணாம்பாலும் முழங்கால் உயரத்துக்குக் கட்டி, வீட்டுக்கு வீடு திரி ஏற்றியவர் யார்? பலவேசம்! திரையில் நாயகன் பெயர் வரும், நாயகி பெயர் வரும், காப்பி வாங்கிக் கொடுத்தவர் பெயர்கூட நன்றி என்று வரும். இவர் பெயர் எந்தப் படத்திலாவது வந்து பார்த்தீர்களா? நான் பார்த்ததில்லை.

ஆனால் பெயர் இல்லாததைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. கெட்ட பெயர் ஒன்று வந்ததே, அதுதான் அவரைக் கடைசிவரை விடவில்லை. கம்பி அறுந்த பலவேசம் என்று இந்த ஊர் அவரை அழைத்தது. கவனமில்லாத ஆள், ஒரு பெண்ணின் உயிரைப் போக்கப் பார்த்தவர் என்று தேநீர்க் கடைகளில் பேசினீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலரும் பேசியிருப்பீர்கள், நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சைப் பற்றித்தான் நான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் ஆண்டு. ஒரு மாயாஜாலப் படக் கம்பெனி குற்றாலத்துக்கு வந்து இறங்கியது. நான் காமிரா உதவியாளன், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். பலவேசம் அண்ணாச்சி தந்திரக் காட்சிப் பொறுப்பாளர், சொந்த ஊர்க்காரர் என்ற மிதப்பு வேறு அவருக்கு. கதைப்படி அருவிக்குள்ளிருந்து ஒரு தேவகன்னி பறந்து வர வேண்டும். நாங்கள் வந்து சேர்ந்தபோது அருவியில் தண்ணீர் இல்லை! ஆனி பிறந்தும் பாறை காய்ந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து அருவியைப் படம் பிடிக்க வந்த கூட்டம் லாட்ஜில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? லாட்ஜ் அறையில் ஓர் ஆள் உயரத்துக்குப் பாறையைச் செய்தார். தண்ணீர் ஊற்றினால் சொட்டு பெரிதாகத் தெரிந்து குட்டு உடைந்துவிடும். உப்பைக் கொட்டிப் பார்த்தார், மலைக்காற்றில் கட்டி தட்டியது. கடைசியில் இரண்டு மூட்டை ரவையை வாங்கி, வறுத்து, பொன்னிறமாவதற்கு முன்னால் இறக்கி, ஆறவைத்து, மேலேயிருந்து சரியவிட்டார். காமிராவை வேகமாக ஓட்டிப் பிடித்தோம். திரையில் பார்த்த டைரக்டர் தன் கண்ணையே நம்பவில்லை. பெரிய அருவியேதான்! மறுநாள் லாட்ஜ் முழுக்கச் சிட்டுக்குருவி. வாரம் கழித்து நிஜ அருவியில் தண்ணீர் வந்தபோது, அண்ணாச்சி அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நம்ம ரவை அளவுக்கு வராது என்றார். சிரியுங்கள், தப்பில்லை. அவர் நம்மைச் சிரிக்கவைத்த மனிதர்தானே?

அந்த மனிதருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரைக் கம்பியில் தூக்குவதானாலும் முதலில் அவர் தொங்குவார். இடுப்பில் வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு, மடியில் ஓர் ஆட்டுக்கல் குழவியையும் வைத்துக்கொண்டு, மூன்று முறை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆடுவார். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் உடம்பில் கொக்கி மாட்டுவார். நேரம் வீணாகிறது என்று கம்பெனியில் எல்லோருக்கும் எரிச்சல். எனக்கும் எரிச்சல்தான், மறைக்கவில்லை.

சாரல் தொடங்கியது. பறக்கும் காட்சியை இரண்டு நாள் எடுத்து, பிலிமைச் சென்னைக்கு அனுப்பினோம். கம்பி தெரிகிறது என்று தந்தி வந்தது. விளக்குக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அண்ணாச்சி கம்பிக்குப் பூசியிருந்தார். சாரல் துளி அந்த எண்ணெய்மேல் முத்து முத்தாக நின்று மின்னியிருக்கிறது. காமிராவில் பார்த்துச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் பார்க்கவில்லை. இன்னொரு தடவை கம்பி தெரிந்தால் ஊருக்கு ரயில் ஏறிவிடு என்றார் என் எசமானரான ஒளிப்பதிவாளர்.

பெருமக்களே! பயந்தவன் என்ன செய்வான்? நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில், அந்த எஃகுக் கம்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு லாட்ஜ் சமையற்கட்டுக்குப் போனேன். கரியடுப்பு கனன்றுகொண்டிருந்தது. கம்பியை முழம் முழமாக நெருப்பில் இழுத்தேன். பளபளப்பு போய், மங்கிய கருநீலமாக வந்தது. துளி நின்றாலும் இனி மின்னாது என்று எனக்கு ஒரே பெருமை. பழையபடி கரியைப் பூசி, இருந்த இடத்தில் மாட்டிவிட்டேன். நெருப்புப் பட்ட எஃகுக்கு உரம் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரிந்தவர் ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவரை நான் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தது. பத்து நிமிடம்தான் நிற்கும். தேவகன்னியாக நடித்த நாயகிக்குப் பதிலாகப் பறக்க இருந்தவர் அச்சன்புதூர் கல்யாணசுந்தரி, அப்போது பத்தொன்பது வயது. கொக்கியை மாட்டு, சோதனை எல்லாம் வேண்டாம் என்று டைரக்டர் கத்துகிறார். அண்ணாச்சி அசையவில்லை.

“வெயிலு நாளைக்கும் வரும் ஐயா. இந்தப் பிள்ளைய நாளைக்கு எங்கன போயித் தேட?” என்றார்.

குழவியை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏறினார். முதல் ஆட்டம் தாங்கியது. இரண்டாவது ஆட்டத்தில் கம்பி அறுந்தது. இருபதடி உயரத்திலிருந்து பாறைமேல் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது, ஒரு கால் கடைசிவரை இழுத்தபடியே இருந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அறுந்த முனையைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். கரியைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நீல நிறம் எதனால் வரும் என்பது அவருக்குத் தெரியாதா? என் முகத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். கம்பெனி மானேஜர் வந்து எப்படி அறுந்தது என்று கேட்டபோது, நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

“துருப் புடிச்சுட்டு. என் கம்பி, நாந்தான் பாக்கல” என்றார்.

மானேஜர் எழுதிக்கொண்டு போனார். கம்பி அறுந்த ஆளை அதற்குப் பிறகு எந்தக் கம்பெனி கூப்பிடும்? ஒருவரும் கூப்பிடவில்லை. பட்டணங்களைக் கட்டிய கை இந்த ஊர் மரமில்லில் ரம்பத்துக்குப் பல் தீட்டியது. நான் வளர்ந்தேன். உதவியாளன் ஒளிப்பதிவாளன் ஆனேன், கார் வாங்கினேன். வருடா வருடம் சாரலுக்கு வந்து அவர் வீட்டில் சாப்பிட்டேன். மதினி மீன் குழம்பு வைப்பார்கள். இன்று சொல்லிவிடலாம் என்று வருவேன், சொல்லாமல் திரும்புவேன். ஒன்பது வருடம்! ஒரு வாக்கியம் சொல்ல ஒரு மனிதனுக்கு ஒன்பது வருடம் போதாதா?

சென்ற மாதம் மார்வலியில் அவர் போய்விட்டார். தந்தி கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்று காலை, இந்தக் கூட்டத்துக்கு முன்னால், மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள், விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

“ஆஸ்பத்திரியில வச்சே எனக்குத் தெரியும் தம்பி. அவனாச் சொல்லட்டும், நீ கேட்டுராதன்னு சொல்லிட்டாவ. நீங்க ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்தக் காலோட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாவளே, எதுக்குன்னு நெனச்சீய?”

பெருமக்களே! ஒவ்வொரு வருடமும் பஸ் ஜன்னலுக்குக் கீழே அவர் நின்றார். நான் பாசம் என்று நினைத்துக் கை அசைத்துவிட்டுப் போனேன்.

அதனால் இந்த அவையில் எல்லோரும் அறியச் சொல்கிறேன். பலவேசம் கட்டிய கம்பி ஒருநாளும் அறுந்ததில்லை. நான் கெடுத்த கம்பிதான் அறுந்தது. பெண்கள் பக்கத்தில் கல்யாணசுந்தரி தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் இருக்கிறார் என்றால் அண்ணாச்சியின் பிடிவாதத்தால் இருக்கிறார். இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சென்னையில் எங்கள் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு பிரதியும், தலைவர் அவர்களிடம் ஒரு பிரதியும் கொடுக்கிறேன். சங்கம் என்னை என்ன செய்கிறதோ செய்யட்டும். நான் வேலை செய்யும் தளத்தில் இனி யாரைக் கம்பியில் தூக்கினாலும், தூக்குவதற்கு முன்னால் இந்தக் கதையை அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் என் பெயரோடு சொல்வேன். அவர் பணியைத் தொடர எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

மதினி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் தலையாட்டவும் வேண்டாம், இன்றைக்கு வேண்டாம்.

அண்ணாச்சி, ரொம்பப் பிந்திவிட்டது. சொல்லிவிட்டேன்.