பதினெட்டு டெசிபல்

இந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள என்ன பஞ்சு ஒட்டியிருக்கீங்க மேடம்? நல்லா இருக்கு. முன்னால உள்ளே நின்னு கதவைச் சாத்திப் பாத்தேன், வெளிச்சத்தம் சுத்தமா நின்னுபோச்சு. என் வீட்டுப் பின்ரூமை இப்படிப் பண்ணணும்னு எனக்குப் பத்து வருஷ ஆசை. நான் திரைச்சீலைக் கடையில வேலை பாக்கறவன். வெட்டினதுல மிஞ்சின துணியைக் கொண்டுவந்து நாலு சுவத்துலயும் ரெண்டு அடுக்கா தொங்கவிட்டிருக்கேன். நம்ம வசதிக்கு அவ்வளவுதான்.

காது டெஸ்ட் மெஷின் தானா ஓடும், வலது காது முடிய பத்து நிமிஷம் ஆகும்னு சொன்னீங்க. அதுக்குள்ள உங்க ஃபாரத்துக்குப் பதில் சொல்லிடறேன். உள்ளே உக்காந்திருக்கிறவன் என் மனைவியோட தம்பி. வயசு இருபத்து மூணு. குடும்பத்துல காது கேக்காதவங்க யாருன்னு கேட்டிருக்கீங்க. அவங்க அப்பாவுக்கு நாப்பது வயசுல முழுசா போயிடுச்சு. அக்காவும் தம்பியும் வீட்டுக்குள்ளயே கத்திக் கத்திப் பேசி வளந்தவங்க. அடுத்த கேள்வி, அதிகச் சத்தம் இருக்கிற இடத்துல இருந்தாரான்னு. இதுக்குக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும். எழுதாம கேளுங்க. சரி, எழுதினாலும் பரவாயில்ல.

நானும் அவனும் வீட்டுல உக்காந்து பாட்டுக்குப் பீட் போடறவங்க. ஒரு கம்ப்யூட்டர், ஒரு சின்ன கீபோர்டு, ஒரு நல்ல ஹெட்போன். பீட் யார் வேணா போடலாம். அதை மிக்ஸ் பண்றதுலதான் இருக்கு விஷயமே. எது முன்னால நிக்கணும், எது ஒதுங்கி வழி விடணும்னு தெரியணும். என் வழி, எது கேக்கலையோ அதை ஏத்து. ட்ரம் கேக்கலையா, ட்ரம்மை ஏத்து. அதுல அடியில ஓடற பேஸ் அமுங்கிப் போச்சா, பேஸையும் ஏத்து. அவன் எங்க வீட்டுக்குத் தங்க வந்த முதல் வாரமே என் முதுகுக்குப் பின்னால நின்னுகிட்டு, "ட்ரம்மை விட்டுடுங்க மாமா. பேஸ்ல கொஞ்சம் வெட்டுங்க, ட்ரம் தானா வெளியே வரும்"னு சொன்னான். கேட்டேனா அவனை?

அவன் பாட்டைப் பக்கத்து ரூம்ல யாரோ பேசற அளவுக்குத்தான் வச்சுக் கேப்பான். அதனாலயே கூட்டாளிங்க அவனைப் பூனைன்னு கூப்பிடுவாங்க. காதுக்கு ஓய்வு வேணுமாம், மணிக்கு ஒரு தடவை எழுந்து மாடியில போய் நிப்பான். முடிச்ச மிக்ஸை ஃபோன்ல போட்டு, ஃபோனைச் சமையல் மேடையில வச்சுட்டு, ஹால்ல நின்னு கேப்பான். என் மனைவி பாத்திரம் தேய்க்காம அசையாம நிக்கணும். நிப்பா. எனக்காக ஒரு நாளும் நின்னதில்ல.

ஒரு நாள் கடை முடிஞ்சு வரேன். மூணு மாசமா நான் உருட்டிட்டிருந்த மிக்ஸை அவன் திறந்து வச்சிருக்கான். "சும்மா தொட்டுப் பாத்தேன் மாமா, கோவிச்சுக்காதீங்க"ன்னான். ஒண்ணையும் புதுசா சேக்கல. எல்லாத்தையும் குறைச்சிருந்தான், நான் போட்ட எஃபெக்ட்ல பாதியை அணைச்சிருந்தான். போட்டுக் காட்டினான். நல்லா இருந்துச்சு மேடம். அதுதான் வயித்தெரிச்சல். கெடுத்து வச்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு மறந்திருப்பேன். என் மனைவி கதவுல சாஞ்சுகிட்டு, "ஏங்க, உங்க பாட்டு இப்பத்தான் கத்தாம பேசுது"ன்னு சொல்லிச் சிரிச்சா. மறுவாரம், என்கிட்ட மிக்ஸ் பண்ண வழக்கமா வர்ற பாட்டுக்காரப் பொண்ணு, வாசல்ல என்னைப் பாத்து, "பூனை இருக்காரா அண்ணா?"ன்னு கேட்டுட்டு என்னைத் தாண்டி உள்ளே போனா. என் வீடு, என் கம்ப்யூட்டர், என் நாற்காலி.

கோபம் வராதா? வந்துச்சு. இன்னும் இருக்கு. ஆனா நான் கைநீட்டற ஆள் இல்ல. வீட்டுல குரல்கூட உசத்தினதில்ல. வேணும்னா வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கிற அவன் அக்காவைக் கேட்டுப் பாருங்க.

ஹெட்போன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோணல் உண்டு, சிலதைக் கூட்டிக் காட்டும், சிலதைக் குறைச்சுக் காட்டும். அதை நிமித்த ஒரு சின்ன மென்பொருள் இருக்கு. கம்ப்யூட்டர் போட்டதும் பின்னால தானா ஓடும். பாட்டை அது தொடாது, நம்ம காதுக்கு வர்றதை மட்டும்தான் மாத்தும். அதுல ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டை நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு டெசிபல் கீழே இழுத்து விட்டேன். பாட்டோட தெளிவெல்லாம் இருக்கிற இடம் அது. ஒரு டெசிபல் யாருக்கும் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு டெசிபல். இப்படிப் பதினெட்டு வெள்ளிக்கிழமை. நான் உக்காரும்போது அந்த மென்பொருளை அணைச்சுடுவேன், எழுந்திரிக்கும்போது மறுபடி போட்டுடுவேன்.

அவனுக்கு எல்லாம் மந்தமா கேக்க ஆரம்பிச்சுது. மந்தமான இடத்தை ஏத்தினான். ஏத்தாதீங்கன்னு எனக்குப் பாடம் எடுத்தவன் மேடம். அவன் காதுக்குச் சரியா இருந்தது, வெளியே போனதும் எல்லார் காதுலயும் ஊசியா குத்துச்சு. பாட்டுக்காரப் பொண்ணு முகத்தைச் சுளிச்சுகிட்டு என்கிட்டயே திரும்பி வந்தா. நான் நினைச்சது அவ்வளவுதான். அதோட நிறுத்தியிருப்பேன்.

ஆனா ஒரு நாள் அவனே கேட்டான். "இந்த ஹெட்போன்ல ஏதோ கோளாறு மாமா. யார் பாட்டைப் போட்டாலும் போர்வைக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கு." வாங்கி மாட்டிகிட்டு, கண்ணை மூடி ஒரு முழுப் பாட்டையும் கேட்டேன். "எனக்கு நல்லாத்தானே கேக்குது மாப்ளே"ன்னேன். ஃபோனோட இயர்போன்ல தெளிவா இருக்கேன்னான். அது மலிவுச் சரக்கு, எல்லாத்தையும் கூட்டித்தான் காட்டும்னேன். நம்பிட்டான். முகம் செத்துப்போச்சு. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்"ன்னான். சத்தியம் பண்ணினேன். போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் காப்பாத்தவும் செஞ்சேன்.

அதுக்கப்புறம்தான் அவன் சத்தத்தைக் கூட்ட ஆரம்பிச்சது. மாடிக்குப் போறதை விட்டான். சாயங்காலம் வந்து மாட்டினா சாப்பிடத்தான் கழட்டுவான். அவன் ஹெட்போன் சத்தம் ஹால்ல இருக்கிற எனக்குக் கேக்கும். நான் சொல்லியா கூட்டினான்? அந்த வால்யூம் குமிழை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. மிக்ஸை முடிச்சதும் என்னைக் கூப்பிடுவான். "என் காதை நம்ப முடியல, நீங்க கேட்டுச் சொல்லுங்க மாமா." இதைக் குறை, அதை ஏத்துன்னு சொல்லுவேன். அப்படியே செய்வான். பத்து வருஷத்துல அந்த ரூம்ல நான் நிம்மதியா இருந்த நாள்னா அதுதான்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவன் அழுதுகிட்டே மிக்ஸ் பண்ணிட்டிருந்தான். சத்தமில்லாம, மூக்கை உறிஞ்சிகிட்டு. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. போதும்னு தோணிச்சு. "கொஞ்சம் தள்ளு, ஒண்ணு பாக்கறேன்"னு மவுஸை வாங்கி, அந்த மென்பொருளை அணைச்சேன். அவன் ஹெட்போன் மாட்டியிருந்தான், பாட்டு ஓடிட்டிருந்தது. பதினெட்டு வாரமா நான் எடுத்து வச்சது, அவன் ஏத்தி வச்சதோட சேந்து, ஒரே நொடியில உள்ளே போச்சு. ஹெட்போனைப் பிச்சு எறிஞ்சுட்டுத் தரையில மண்டி போட்டு உக்காந்துட்டான். அப்பவும் என் கையைத்தான் பிடிச்சுகிட்டான். அன்னிலேர்ந்து காதுக்குள்ள கொய்னு ஒரே இரைச்சல்ங்கிறான். தப்பைச் சரிசெய்யப் போய்த்தான் இது நடந்துச்சு. அதை மறக்காம எழுதுங்க.

முதல்ல குமிழைக் குறைச்சிருக்கலாமேன்னு உங்க முகம் கேக்குது. குமிழ் கடைசி வரைக்கும் திரும்பியிருந்துச்சு. பாத்தேன் மேடம். பாத்துட்டுத்தான் அணைச்சேன்.

உள்ளே போறதுக்கு முன்னால என்ன சொன்னான் தெரியுமா? "கண்ணாடி வழியா பாத்துட்டே இருங்க மாமா. சத்தம் வரும்போது மெஷின்ல லைட் எரியுமாம். லைட் எரிஞ்சும் நான் பட்டன் அழுத்தலைன்னா கை காட்டுங்க"ன்னான். நாம பேசிட்டிருக்கும்போது உங்க மெஷின்ல, அவன் பட்டன் அழுத்தாமலே, அந்த லைட் ஏழு தடவை எரிஞ்சு அணைஞ்சுது. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சுட்டிருக்கான்.

அது இடது காதோட தாள்தானே? குடுங்க, பாத்துட்டுத் தரேன். கோடு நேரா வந்து நாலாயிரத்துல பள்ளமா விழுந்து மறுபடி ஏறுது. நான் வரைஞ்சதும் இதே இடம்தான், இதே மாதிரிதான். ஆனா உங்க தாள்ல அம்பத்தஞ்சு வரைக்கும் இறங்கியிருக்கு. நான் எடுத்தது பதினெட்டு. ரிப்போர்ட்ல அதைப் பிரிச்சு எழுதிடுங்க மேடம். மிச்ச முப்பத்தேழு அவனே தேடிகிட்டது.