நாய்களை வரவேற்கும் கடற்கரை

நாயோடு கடற்கரைக்குப் போக நினைப்பவர்கள் இணையத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. படத்தில் ஒரு நாய் மணலில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். கீழே ‘செல்லப் பிராணிகளை வரவேற்கிறோம்’ என்று எழுதியிருக்கும். முன்பணம் கட்டி, நாயைக் காரில் ஏற்றி, அது வழியெல்லாம் வாந்தி எடுத்ததைத் துடைத்துக்கொண்டே போய் இறங்கினால், வரவேற்பெல்லாம் கார் நிறுத்துமிடத்தோடு சரி என்பார்கள். அதனால் நான் எப்போதும் போன் போட்டு விசாரிப்பேன். நாயை அவிழ்த்து விடலாமா, எந்த நேரத்தில், எதுவரைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். இது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சுற்றுலா ஏற்பாடு செய்து தரும் அலுவலகத்தில் எனக்கு ஜன்னலோர மேசை. விமான டிக்கெட், கப்பல் பயணம் எல்லாம் மற்றவர்களிடம் போகும். நாயோடு விடுமுறை என்று யாராவது வாயெடுத்தால் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். ‘நாய் டீச்சர்’ என்று அங்கே எனக்குப் பட்டப்பெயர். நான் நாய் வளர்த்ததே இல்லை. ஆனால் எந்தக் கடற்கரையில் நாய் என்னென்ன செய்யலாம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த வேலையில் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஆட்கள் நிம்மதியாகக் குளிக்கிற கடற்கரையில் நாய்க்கு இடம் கொடுக்க மாட்டார்கள். அங்கே கொடி நட்டிருக்கும், உயரமான நாற்காலியில் காவலர் உட்கார்ந்திருப்பார். நாய் வைத்திருப்பவர்களை அந்தக் கொடிகளைத் தாண்டி, பாறைகளைத் தாண்டி, ஒருவரும் கால் நனைக்காத கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நாய்களை இரண்டு கையும் நீட்டி வரவேற்கும் கடற்கரை என்றால், பெரும்பாலும் அது மனிதர்கள் இறங்கக் கூடாத கடற்கரை. என்னிடம் வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புவேன். ஒரே ஒருவரிடம் சொல்லவில்லை. அவர் என் தங்கையின் கணவர்.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் தங்கை ஓர் ஏரியில் மூழ்கிப் போனாள். மூன்று பேரும் ஊர் சுற்றப் போயிருந்தார்கள், அவளும் மாப்பிள்ளையும் அவர்கள் மகள் சிட்டுவும். சிட்டு அப்போது மழலை மாறாத பிள்ளை. அவள் செருப்பில் அப்பியிருந்த சேற்றைக் கழுவத் தங்கை படியில் இறங்கியிருக்கிறாள். பாசி வழுக்கிவிட்டது. மாப்பிள்ளை கடைசிப் படியில் நின்று, “யாராவது வாங்க, யாராவது வாங்க” என்று தொண்டை கட்டும்வரை கத்தினாராம். படகோட்டிகள் எதிர்க்கரையிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். நீச்சல் தெரியாத மனுஷன், பாவம், அவர் மட்டும் என்ன பண்ணுவார் என்றார்கள். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் நான் அதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டியவள் கண்ணெதிரே மூழ்கும்போது, நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற யோசனை எங்கிருந்து வரும்? கால் தானாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த ஆள் உயிரை அவ்வளவு பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஆனால் நான் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் தெருவுக்கே குடி வந்தேன். சிட்டுவுக்குத் தலை பின்னினேன், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் அம்மாக்களைக் கூப்பிடும் நாளில் நான் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை என்னை வாய் நிறைய அக்கா என்பார். எனக்குக் குழந்தை குட்டி கிடையாது. அவள்தான் எனக்கு எல்லாம்.

பிறகு அந்த வீட்டுக்கு ஒரு நாய் வந்தது. வரும்போது துணி மூட்டை மாதிரி இருந்ததால் சிட்டு அதற்கு மூட்டை என்றே பேர் வைத்தாள். வளர்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது. மூட்டை மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் அவர்கள் வீட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். சிட்டு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்.

“பெரியம்மா, நேத்து மூட்டை ஓடையில விழுந்துடுச்சு. அப்பா செருப்பைக்கூடக் கழட்டல. கண்ணாடியோட, போனோட, தொபுக்கடீர்னு குதிச்சிட்டார்.”

“அப்படியா மாப்பிள்ளை?” என்றேன்.

“யோசிக்கவே இல்லக்கா. பார்த்தா தண்ணில இருக்கேன்” என்றார் வெட்கத்தோடு.

யோசிக்கவே இல்லையாம். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவருக்கு இன்னும் கொஞ்சம் வைத்தேன், போதும் என்று கையால் மறித்தபோதும் வைத்தேன். என் தங்கைக்கு ஓரடி எடுத்து வைக்காத கால், நாய்க்குத் தானாகப் போயிருக்கிறது. அன்று கை கழுவும்போது முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கினேன்.

கடற்கரை யோசனை என்னுடையதில்லை. பரீட்சை முடிந்ததும் கடலுக்குப் போகணும், மூட்டை வராவிட்டால் நானும் வர மாட்டேன் என்று சிட்டுதான் அடம் பிடித்தாள். “பெரியம்மா இருக்கும்போது நமக்கென்ன கவலை?” என்று மாப்பிள்ளை பொறுப்பை என் தலையில் கட்டினார். நானும் கண்ணும் கருத்துமாகத் தேடினேன்.

முதலில் கிடைத்தது அருமையான இடம். ஆழமில்லாத கடல், காவலர் உண்டு, நாயைக் கட்டிக் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். வேறு யாருக்காக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்திருப்பேன். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அடுத்த இடத்தில் விடியற்காலையில் மட்டும் நாய்க்கு அனுமதி, ஆனால் அங்கும் கடல் சாது. அதையும் தள்ளினேன். கடைசியில் ஒரு வாடகை வீடு கிடைத்தது. கூப்பிட்டதும் வீட்டுக்கார அம்மாளே எடுத்தார்.

“நாயை எவ்வளவு நேரம் வேணும்னாலும் அவுத்து விடுங்கம்மா. ஆளுங்க மட்டும் தண்ணில இறங்கிடாதீங்க. ஆறு வந்து சேர்ற இடம். கடல் தண்ணி வடியுற நேரத்துல உள்ள இழுத்துட்டுப் போயிடும்.”

“நாய் போயிட்டா?”

“நாய்க்கு ஒண்ணும் ஆகாது. அது எதிர்த்துப் போராடாது பாருங்க. இழுப்போட போயி, அந்தப் பக்கம் மணல் திட்டுல ஏறி ஒதறிட்டு வந்துடும். அதைப் பிடிக்கப் பின்னாடி போறவங்கதாம்மா வர்றதில்ல.”

நான் அதையே வேறு விதமாக இன்னொரு தரம் கேட்டேன். நாய் பிழைத்துக்கொள்ளும் என்று உறுதியான பிறகுதான் முன்பணம் அனுப்பினேன். வாயில்லா ஜீவனைப் பலி கொடுக்கிற ஆள் நான் இல்லை.

புறப்படுவதற்கு முன்னால் சில வாரங்கள், சாயங்காலங்களில் மூட்டையை நான்தான் நடக்கக் கூட்டிப் போனேன். நாய் டீச்சருக்குக் கடைசியில் நாய்ப் பாசம் வந்துவிட்டது என்று சிட்டு கிண்டல் செய்தாள். தண்ணீரில் மிதக்கிற மஞ்சள் பந்து ஒன்று வாங்கியிருந்தேன். பூங்காக் குளத்தில் முதலில் கரையோரமாக எறிந்தேன், பிறகு கொஞ்சம் தள்ளி, பிறகு நடுவில். அது சமர்த்து நாய். பந்து எங்கே போனாலும் அதுவும் போகும் என்ற அளவுக்குப் பழகிவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாவி கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மாள், “தண்ணியைப் பத்தி சொல்லிட்டீங்களாம்மா?” என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். மணலில் ஓர் எச்சரிக்கைப் பலகை நின்றது. உப்புக் காற்றில் எழுத்தெல்லாம் உதிர்ந்து நாயின் படம் மட்டும் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளை அதையும் கடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்க இறங்கலாமாக்கா?”

“விசாரிச்சுட்டேன் மாப்பிள்ளை. தாராளமா இறங்கலாம்.”

“நீங்க விசாரிச்சா அப்பீல் ஏது” என்றார்.

மறுநாள் காலையில் சிட்டு எழுந்திருக்கவில்லை. நானும் மாப்பிள்ளையும் மூட்டையைக் கூட்டிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்தோம். தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. பார்வைக்கு அலையே இல்லை, குளம் மாதிரி கிடந்தது. பந்து என் கையில் இருந்தது. அவர் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவ போன கொஞ்ச நாள்லயே நான் நீச்சல் கத்துக்கப் போனேன். வாண்டுப் பசங்களோட நானும் ஒருத்தன். தண்ணில இறங்க மாட்டேன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பசங்க சிரிப்பாங்க. ஆனாலும் விடல. சிட்டுவுக்கும் கத்துக் குடுத்தேன்.”

“சொன்னதே இல்லையே” என்றேன்.

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்ல? அன்னைக்குத் தெரியாததை இப்ப தெரிஞ்சு என்னன்னு கேட்டா பதில் இல்லக்கா. மூட்டை விழுந்தப்போ, எனக்கு நாயா தெரியல. அவதான் தெரிஞ்சா. இந்தத் தடவை விட்டுடக் கூடாதுன்னு குதிச்சிட்டேன்.”

அவர் அழுதார். நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன். நீங்கள் இந்த இடத்தில் என்னை நிறுத்தி, இதைக் கேட்ட பிறகுமா என்று கேட்டீர்கள். ஆமாம், கேட்ட பிறகுதான். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கற்றுக்கொள்ள வந்த புத்தி அன்றைக்கே வந்திருந்தால் என் தங்கை இருந்திருப்பாள். காலம் கடந்து வந்த நீச்சலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இத்தனை தேடி, இத்தனை பேரிடம் விசாரித்து, நாயையும் பழக்கிக் கூட்டி வந்த பிறகு, அவர் அழுதார் என்பதற்காகப் பந்தைப் பைக்குள் போட என்னால் முடியவில்லை. மனம் நொந்த மனிதனை விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. எழுந்து நின்று எறிந்தேன். நன்றாகவே எறிந்தேன்.

மூட்டை பாய்ந்தது. பந்தைக் கவ்வித் திரும்பப் பார்த்தது, முடியவில்லை. தலை சின்னதாகிக்கொண்டே போனது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடினார். இந்த முறையும் செருப்பைக் கழட்டவில்லை. நேராக நாயை நோக்கி நன்றாகத்தான் நீந்தினார், கொஞ்ச தூரம். பிறகு கரைக்குத் திரும்பப் பார்த்து, இழுப்பை எதிர்த்துக் கைகளை வீசினார். அந்த அம்மாள் போனில் சொன்னது போலவேதான் எல்லாம் நடந்தது. நாய் அந்தப் பக்கத் திட்டில் ஏறி உடம்பை உதறியது. அவர் வரவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது, இதை நான் மறைக்க விரும்பவில்லை.

சிட்டு விழித்துக்கொண்டு வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பின்னாலிருந்து “அப்பா” என்று ஒரு குரல் கேட்டது. நான் திரும்புவதற்குள் என்னைக் கடந்து போய்விட்டாள். கூப்பிட்டேன், கத்தினேன், நிற்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியும் என்று சற்று முன்புதான் அவர் சொல்லியிருந்தார். அவளையும் தண்ணீர் அதே பக்கம் கொண்டு போனது. “பெரியம்மா” என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். வீட்டுக்கார அம்மாள்தான் சத்தம் கேட்டு ஓடி வந்தார். இடுப்பில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் கணவரிடம் கொடுத்துவிட்டு, புடவையோடு இறங்கி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். அந்த அம்மாளுக்கு நீச்சல் தெரியாதென்று பிறகுதான் சொன்னார்கள். அதை அசட்டுத் துணிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிட்டு பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நான் உள்ளே போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பந்தை யார் எறிந்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நான் கூப்பிட்டப்போ நீங்க ஏன் வரல?” அப்பாவை இழந்த குழந்தை ஏதோ பேசுகிறது என்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். இடத்தைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தேன், எச்சரிக்கையை மறைத்தேன், நாயைப் பழக்கினேன், மாப்பிள்ளை சாக வேண்டும் என்றே பந்தை எறிந்தேன். எல்லாம் சரி. கொலை என்றே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு வருத்தம் இல்லை. கடைசியில் இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். குழந்தை மூழ்கும்போது கரையில் நின்று வேடிக்கை பார்த்தேன் என்று இருக்கிறது. அது அநியாயம். அவளைப் பெறாத குறையாக வளர்த்தவள் நான். வேடிக்கை பார்க்கவில்லை, இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும்தான் நின்றேன். அதற்கு மேல் ஓரடி வைத்திருந்தால் நானும் அல்லவா போயிருப்பேன்.