இடப்பக்கப் பூனை

இந்தியாவில் ஆதாரமில்லாமல் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஒரே மனிதன் நான். முதலில் 'புனேயில்' என்றுதான் எழுதினேன். தேவையில்லாத இடத்தில் அடக்கம் காட்டுவதும் ஒருவகைப் பொய் என்பதால் அதை அடித்துவிட்டேன்.

ஸ்வாமிநாதன் சார், விசாரணைக் குழுவின் நால்வரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இந்த வாக்குமூலத்தை நான் தமிழில் எழுதுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்த மொழியிலும் எழுதலாம் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. மற்ற மூவருக்கும் இதில் எவ்வளவு சொல்லலாம் என்பது உங்கள் விருப்பம். முப்பது வருடம் ராணுவத்தில் இருந்தவர் நீங்கள். எதை எப்போது சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

என் பெயர் ஷ்யாம். கானுயிரியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு. வீடு கராடியில். அப்பா கோயமுத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். நான் வேலைக்குப் போகாமலிருக்கக் கானுயிரியலுக்கு வந்தவன். 'டேக்டி டைம்ஸ்' என்ற இன்ஸ்டாகிராம் பக்கம் என்னுடையதுதான். அதை நீங்கள் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பீர்கள். உங்களைப் பற்றி அதில் வந்த மீசைப் படத்துக்கு வருந்துகிறேன்.

கல்லூரிக்குப் பின்னாலிருக்கும் குன்றைத்தான் இங்கே எல்லோரும் டேக்டி என்கிறோம். நாற்பது ஏக்கர் முட்காடு. அதில் ஒரு துரும்பன் பூனை இருந்தது. மராத்தியில் வாகாட்டி. உலகத்துக் காட்டுப் பூனைகளிலேயே மிகச் சிறியது; முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோதான் தேறும். முதுகில் கோடுகள், விலாவில் துரு நிறப் புள்ளிகள். பார்கவி நான்கு வருடமாக முனைவர் பட்டத்துக்கு அதன் பின்னால் அலைகிறாள். அவளும் அதை நேரில் பார்த்தது இரண்டு முறைதான்.

அந்தக் காட்டை வெட்டி அரங்கமும் வாகன நிறுத்துமிடமும் கட்டக் கல்லூரி அறக்கட்டளை முடிவு செய்தது உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பு வந்தபோது அவர்கள் ஒரு நியாயமான நிபந்தனை வைத்தார்கள். ஒற்றைப் பூனை என்றால் பிடித்து வேறெங்காவது விட்டுவிடலாம். குட்டி போடக்கூடிய ஜோடி என்றால் காட்டைத் தொட மாட்டோம். நானும் அதை நியாயம் என்றே நினைத்தேன். பிரச்சினை என்னவென்றால், பார்கவியிடம் இருந்தது ஒரே ஒரு பூனை.

இங்கே எங்கள் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வந்துவிடுவோம். விலங்கு குறுக்கே போனால் அது தானாகப் படமெடுக்கும். பூனையின் புள்ளிகள் நம் கைரேகை போல. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஆனால் ஒரே பூனையின் இடது விலாப் புள்ளிகளும் வலது விலாப் புள்ளிகளும்கூட ஒன்றாக இருக்காது. அதனால் வழியின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கேமரா வைத்து இரண்டு விலாவையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். எங்கள் கேமராக்களில் பாதி திருடுபோய்விட்டதால் ஓர் இடத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. பூனை மேலே ஏறும்போது படத்தில் இடது விலா விழும். இறங்கும்போது வலது விலா.

படங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. மார்ச்சில் இடது பக்கப் படங்களை ஒரு பூனை என்றும் வலது பக்கப் படங்களை இன்னொரு பூனை என்றும் அடுக்கினேன். இடது ஆண், வலது பெண். பார்கவியின் அப்பாவுக்கு அந்த வாரம் அறுவைச் சிகிச்சை. அவள் லோஹேகாவ் விமானப்படைக் குடியிருப்புக்கும் மருத்துவமனைக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தாள்.

"அரே ஷ்யாம், ரெண்டுமே ஷ்யூரா? லெஃப்டையும் ரைட்டையும் கலக்கலையே?"

"பேட்டர்ன் மேட்ச் ஆகல பார்கவி. எத்தன தடவ போட்டுப் பார்த்தாலும் ஆகல."

இது உண்மை. இடதும் வலதும் எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் பொருந்தாது.

"க்யா பாத் ஹை!" என்று வியந்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். அழுதாள் என்றும் நினைக்கிறேன். அப்பாவுக்காகவும் இருக்கலாம்.

இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காடு நின்றது. அறக்கட்டளை அரங்கத்தை ஒத்திவைத்தது. ஒரு பூனையை இரண்டாக எண்ணியதில் நாற்பது ஏக்கர் தப்பியது. இதைவிட மலிவாக யாராவது காட்டைக் காப்பாற்றியிருந்தால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

இப்போது கோவிந்தராஜன் மாமா. அவரைப் பற்றியும் உங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், டேக்டி காலை நடை சங்கத்தின் தலைவர். வாரம் ஒரு விலங்கைப் பார்ப்பவர். பிப்ரவரியில் என்னைக் கல்லூரி வாசலருகே பிடித்து நிறுத்தினார்.

"டேய் ஷ்யாம், சத்தியமா சொல்றேன். ரெண்டு இருந்துதுடா. ஒண்ணு முன்னால போறது, இன்னொண்ணு கத்திண்டே பின்னால போறது. பொடிப் பொடியா புள்ளி."

"போட்டோ, மாமா?"

"நான் என்ன கல்யாணத்துக்கா போனேன் கேமராவத் தூக்கிண்டு? வாக்கிங்டா!"

"அப்ப கண்ணாடி போட்டிருந்தீங்களா?"

"கண்ணாடி... பையில இருந்தது."

அந்த வாரம் 'டேக்டி டைம்ஸ்' அவருக்காகவே வெளிவந்தது. 'பையிலிருந்த கண்ணாடி பார்த்த பூனைகள்' என்பது தலைப்பு. நான்காயிரம் பேர் பார்த்தார்கள். அவருடைய மகள் வைஷுவும் பார்த்தாள். அதற்குப் பிறகு மாமா டேக்டிக்கு வருவதை நிறுத்திவிட்டு அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்கிறார். எனக்கு அவர்மீது எந்தக் கோபமும் இல்லை. ஆதாரமில்லாமல் பேசும் பழக்கத்தின் மீதுதான்.

ஏப்ரலில் கிருஷ்ணப்ரியா வந்தார். கோயமுத்தூர்க்காரர், அறக்கட்டளை கூப்பிட்ட நிபுணர். எங்கள் படங்களை மடிக்கணினியில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

"எல்லாம் ஒத்தப் பக்கமாவே இருக்குதுங்களே தம்பி. எதிர்க் கேமரா வெக்கலீங்களா?"

"திருடு போயிருச்சுங்க மேடம்."

"இடதுல ஒண்ணு, வலதுல ஒண்ணு பார்த்துப்போட்டு ஜோடின்னு சொன்னா, அது ஆராய்ச்சி இல்லீங்க, கல்யாணத் தரகு." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "பதனஞ்சு நாள்ல நானே கேமரா கொண்டாரேன். எதிரெதிரே வெப்போம். ஒரே ஒரு படம் ரெண்டு பக்கமும் விழுந்தாப் போதும், தெரிஞ்சு போகும்."

பார்கவி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லுகிறேன்.

அன்று நான் நிதானமாக யோசித்தேன். அந்த ஒரு படம் விழுந்தால் இரண்டு பூனைகளும் ஒன்றாகிவிடும். ஜோடி போய்விடும், காடு போய்விடும், கையெழுத்துப் போட்ட பார்கவியின் நான்கு வருடமும் போய்விடும். இவ்வளவுக்கும் ஆபத்தாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது ஒன்றரைக் கிலோகூட இல்லை.

துறைக் கிடங்கில் மடக்குக் கூண்டு ஒன்று உண்டு. பதிவேட்டில் பார்கவி பெயரை எழுதி எடுத்தேன். இதில் உள்நோக்கம் ஏதுமில்லை. நாங்கள் எல்லோரும் எதை எடுத்தாலும் அவள் பெயரில்தான் எடுப்போம். உள்ளே ஒரு காடையை விட்டு, மூன்றாவது கேமராவுக்குப் பின்னால், அது பார்க்காத பக்கம் வைத்தேன். ஐந்தாம் நாள் விடிந்ததும் போனபோது கூண்டு மூடியிருந்தது. காடை இல்லை.

நான்கு மாதமாகப் படத்தில் பார்த்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன். வீட்டுப் பூனையில் பாதிதான் இருக்கும். சீறவில்லை. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கூண்டைச் சுற்றி வந்து இரண்டு விலாவையும் சரிபார்த்தேன். இரண்டும் அதுதான்.

முல்ஷிக் காட்டில் கொண்டுபோய் விடலாம் என்பதுதான் என் திட்டம். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஸ்கூட்டரில் கட்டுவதற்குக் கயிறுகூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் முல்ஷியிலும் யாராவது ஒரு மாணவன் கேமரா கட்டியிருப்பான். எங்கள் படங்கள் எல்லாக் கல்லூரிகளின் கானுயிர்த் துறைகளுக்கும் போயிருந்தன. புள்ளிகள் மாறாது, சார். எங்கே விட்டாலும் அது தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆகவே கூண்டின்மேல் தார்ப்பாய் போட்டு ஆய்வகத்தின் பின்னறைக்குக் கொண்டுபோனேன். பஞ்சும் குளோரோபார்மும் அங்கேயே இருந்தன. இருபது நிமிடமாகும் என்று தெரியும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது நாகரிகமில்லை என்று வாசல் கடைக்குப் போய் ஒரு தட்டு போஹே, அதாவது அவல் உப்புமா, சாப்பிட்டேன். எலுமிச்சை கேட்டேன், கொடுத்தான்.

திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. எந்த மாதிரியையும் அளக்காமல் வைப்பது எங்கள் துறையில் ஒழுங்கீனம். எடை ஆயிரத்து முந்நூற்று இருபது கிராம். பெண். வயிறு சற்றுப் பருத்திருந்ததால் திறந்து பார்த்தேன். உள்ளே இரண்டு கருக்கள். விரல் நீளம்தான் இருக்கும். புள்ளிகள் இன்னும் வரவில்லை.

அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தால் அல்ல, எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. கரு இருக்கிறதென்றால் ஆண் ஒன்று டேக்டிக்கு வந்திருக்கிறது. பிப்ரவரியில் வந்திருக்க வேண்டும். ஆக ஜோடி இருந்திருக்கிறது. நான் இரண்டு என்று எழுதியது பொய்யில்லை. அன்று காலை ஏழு மணி வரைக்கும் டேக்டியில் நான்கு இருந்தன. என்மீது குற்றம் சொல்வதானால் குறைத்து எழுதினேன் என்றுதான் சொல்ல முடியும்.

உடலை உறைபெட்டியில் வைத்து 'பழந்தின்னி வௌவால், 2019' என்று சீட்டு ஒட்டினேன். வௌவாலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிருஷ்ணப்ரியாவின் கேமராக்கள் எதிரெதிரே நாற்பது நாள் நின்றன. நாய், கீரி, காதலர்கள், சிறுநீர் கழிக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், தினமும் காலையில் நான். பூனை ஒன்றுகூட இல்லை. எங்கும் சந்தேகம் முளைத்தது. நடை சங்கம் நாய்களைச் சந்தேகித்தது. மாணவர்கள் அறக்கட்டளையைச் சந்தேகித்தார்கள். அறக்கட்டளை கூண்டுப் பதிவேட்டைப் புரட்டி பார்கவியைச் சந்தேகித்தது. பூனையைப் பிடித்து விற்றுவிட்டாள் என்றுகூடச் சொன்னார்கள். 'டேக்டி டைம்ஸ்' ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. பார்கவிக்கு அறுபத்தொரு சதவீதம், அறக்கட்டளைக்கு முப்பது, சிறுத்தைக்கு ஒன்பது. நான் வாக்களிக்கவில்லை. நடத்துபவன் நடுநிலையாக இருக்க வேண்டும்.

பார்கவியின் ஆராய்ச்சிப் பதிவை நிறுத்திவைத்த அன்று அவள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஷ்யாம், அந்தக் கூண்ட நான் எடுக்கலடா. யாரோ என் பேர எழுதியிருக்காங்க. உனக்கு யார் மேலயாவது டவுட் இருக்கா?"

"எல்லார் மேலயும்தான் இருக்கு" என்றேன்.

"என் மேலயுமா?"

"ஆதாரம் இல்லாம எதுவும் சொல்ல மாட்டேன் பார்கவி. தெரியும்ல?"

 அவள் என் தட்டிலிருந்த பாவ் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தின்றாள். "நீ ஒருத்தன்தான்டா இங்க நேர்மையா பேசற" என்றாள்.

இவ்வளவையும் இன்று ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை மரங்களை வெட்ட ஆள் வருகிறார்கள். பூனையே இல்லாத காட்டை வைத்து என்ன செய்வது என்று அறக்கட்டளை கேட்கிறது. பூனை இருக்கிறது, சார். உறைபெட்டியின் இரண்டாவது தட்டைத் திறந்து பாருங்கள். கரு இருக்கிறது. கருவுக்குத் தகப்பன் இருந்தாக வேண்டும். இதற்கு மரபணுப் பரிசோதனைகூடத் தேவையில்லை. நான் கொன்றது வலப்பக்கப் பூனையை மட்டும்தான். இடப்பக்கப் பூனையை நான் தொடவேயில்லை. அது ஆண் என்று மார்ச்சிலேயே எழுதியிருக்கிறேன். தேதி போட்டிருக்கிறது, பாருங்கள்.

நாற்பது நாளில் ஒரு படம்கூட விழவில்லையே என்று கிருஷ்ணப்ரியா சொல்லுவார். ஆண் பூனைக்கு நடமாட்டம் அதிகம், வரும், போகும். கேமரா பார்க்காத பக்கம் என்று ஒன்று எப்போதும் இருக்கிறது. அதற்காகத்தான் நான் விடிந்ததும் மேலே போய் உட்காருகிறேன். சில நாள் பெயர் சொல்லாமல் மெல்லக் கூப்பிட்டும் பார்த்தேன்.

இன்று காலை ஆறேகாலுக்கு வந்தது. சரக்கொன்றைக்குக் கீழே ஒரு கணம் நின்றது. இடது விலா எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் தெரிந்தது. கைப்பேசி சட்டைப் பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் ஓடிவிடும். என் கண்ணால் பார்த்தேன், சார், சத்தியமாகப் பார்த்தேன். திங்கட்கிழமைக்குள் நீங்கள் ஒருவராவது இதை நம்ப வேண்டும்.