அண்ணாவின் காது

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவேன் ஐயா. கோபம் என்று நினைக்க வேண்டாம். விசைத்தறிக் கொட்டகையிலேயே கிடந்தவனுக்குக் குரல் அப்படி ஆகிவிடும்.

என் பேர் சிங்காரம். திருத்தணி மலையடிவாரத்தில் ஜம்புலிங்கம் கொட்டகையில் மேஸ்திரி. அவர் முதலாளிதான், ஆனாலும் அண்ணா என்றே கூப்பிடுவேன். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததில் அண்ணாவுக்குக் காது போய்விட்டது. காதருகே வாயை வைத்துச் சொன்னால் மட்டும் கேட்கும். சொல்கிற ஆள் நான். நூல் வியாபாரி வந்தாலும், கூலிக்காரர்களுக்குள் தகராறு என்றாலும், என் பக்கம் தலையைச் சாய்த்து, "இன்னாடா சொல்றான்?" என்பார். நான் சொன்னதைத்தான் அவர் நம்புவார். எனக்கு வேறு குடும்பம் இல்லை. தேவையும் படவில்லை.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு அவர் கல்யாணம் செய்துகொண்டார். சந்திரா, நகரிப் பக்கத்துப் பெண். அவரைத் தெலுங்கு வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவாள். நல்ல பெண், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் காதில் பேச மாட்டாள். அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, எதிரே நின்று, உதட்டை நன்றாக அசைத்து நிதானமாகப் பேசுவாள். கொஞ்ச நாளில் அவர் அவள் வாயைப் பார்த்தே புரிந்துகொண்டார். அப்புறம் மற்றவர்கள் வாயையும். ஒருநாள் வியாபாரி வந்திருந்தபோது வழக்கம்போல் குனிந்தேன். அண்ணா என் தோளைத் தட்டி, "நீ போயி வேலையப் பாரு சிங்காரம், எனக்கே புரியுது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாகேந்திரன் என்று ஒரு தறி மெக்கானிக் இருந்தான். சின்னப் பையன், கலகலப்பாக இருப்பான். ஒரு மத்தியானம் கரண்ட் போய்க் கொட்டகை அமைதியாக இருந்தது. நூல் சுற்றிய பெரிய பாவு உருளைக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் சந்திரா அவனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியவேணாம் நாகேந்திரா. ஆடிக்கிருத்திகை அன்னிக்கு மலைமேல சாமி முன்னாடி அந்தக் காது மிஷினை நானே மாட்டி வுடறேன். அதுவரிக்கும் மூச்சு வுடாத."

"சரிங்கக்கா. மெட்ராசுல எங்க மாமாகிட்ட மிஷினுக்குச் சொல்லி வச்சிக்கிறேன்."

மிஷினுக்குப் பணமாக்க அவள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

காது மிஷின் வந்துவிட்டால் அண்ணாவுக்கு எல்லாமே கேட்கும். எல்லாரும் பேசுவது கேட்கும்.

அன்று சாயங்காலம் தறிகள் ஓடத் தொடங்கியதும் அவர் காதில் சொன்னேன்: "அவருக்குத் தெரியவேணாம் நாகேந்திரான்னாங்க அண்ணா. மூச்சு வுடாதன்னாங்க." ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை. நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

அண்ணா சிரித்தார். "அவனுக்கு அவ அக்கா மாதிரிடா" என்றார். "ஆங், அப்படித்தான் இருக்கும்" என்று நானும் விட்டுவிட்டேன். அவசரப்பட வேண்டியதில்லை.

பிறகு அவரே வெறுங்கழுத்தைக் கவனித்திருக்கிறார். என்னைத் தேடி வந்தார். "சங்கிலி எங்கன்னு கேட்டேன். பத்திரமா இருக்குது பாவான்னா. ஒதடு கோணிச்சுடா. பொய் சொல்றா." அவர் முகம் அப்படி நான் பார்த்ததில்லை. நாகேந்திரன் கையில் பார்த்ததாகச் சொன்னேன். அதுவும் நிஜந்தானே ஐயா.

அதிலிருந்து அவள் பேச வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தலை மறுபடியும் என் பக்கம் சாய்ந்தது. அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆடிக்கிருத்திகைக்கு முதல்நாள் நாகேந்திரன் மெட்ராசுக்குப் போயிருந்தான். தெருவெல்லாம் காவடி, பம்பைச் சத்தம். கொட்டகைக்கு லீவு. அண்ணா சந்திராவை நூல் குடோனுக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார். "அவ மூஞ்சியப் பாத்தா எனக்கு மனசு எளகிடும். அவ இன்னா சொல்றான்னு நீ சொல்லு" என்றார். அவர் கையில் பாவு நூல் ஒரு கட்டு இருந்தது.

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. கரண்டும் இல்லை. வெளிச்சம் கதவு வழியாகத்தான் வரும். கதவை அடைத்தாற்போல் நான் நின்றேன், அண்ணா எனக்குப் பக்கத்தில்.

அவர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின், வேண்டுதல், சங்கிலி, ஒன்றையும் மறைக்கவில்லை. அண்ணா என்னைப் பார்த்தார். நான் அவர் காதில் குனிந்து, "ஆமான்னு ஒத்துக்கினாங்க அண்ணா" என்றேன். இது மட்டும் நான் சேர்த்தது.

நான் ஏதோ மாற்றிச் சொல்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "பாவா, என் வாயப் பாருங்க. இவன் சொல்றதக் கேக்காதீங்க. என் வாயப் பாருங்க" என்று வெளிச்சத்துக்கு வரப் பார்த்தாள். நான் நகரவில்லை. அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஆகவில்லை.

நாகேந்திரன் ரயிலில் திரும்பி வந்தபோது ஸ்டேஷனிலேயே பிடித்து, போலீஸ் உன்னையும் தேடுகிறது என்றேன். மிஷினை என் கையில் திணித்துவிட்டு அடுத்த ரயிலிலேயே ஆந்திராப் பக்கம் ஓடிவிட்டான். மிஷினை நந்தி ஆற்றில் போட்டேன். கோர்ட்டில் அண்ணா கொலையை ஒத்துக்கொண்டார். ஆயுள் தண்டனை.

ஒன்று மட்டும் கஷ்டமாக இருக்கிறது ஐயா. எங்கே சத்தம் கேட்டாலும், தறியோ பஸ்ஸோ பம்பையோ, அதற்குள் அவள் குரல் இருக்கிறது. என் வாயப் பாருங்க என்கிறது. சத்தம் நின்றால் அதுவும் நிற்கும்.

மாதம் தவறாமல் வேலூர் ஜெயிலுக்குப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணா காதை வைப்பார். ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பார்: "கடைசியா இன்னாடா சொன்னா?" "மன்னிச்சிடுங்கன்னாங்க அண்ணா" என்பேன். அவருக்கு அதில் ஒரு ஆறுதல். அதை நான் எப்படிக் கெடுப்பது?

போன வாரம் போனபோது அவர் காதை வைக்கவில்லை. என் வாயைப் பார்த்தார். "இங்க பெருமாள்னு ஒரு கைதி இருக்கறான். வாயத் தெறந்து நல்லா பேசறான், எல்லாம் புரியுது. நீ இம்மாந்தூரம் அலையாத சிங்காரம்" என்றார்.

அதனால்தான் வந்திருக்கிறேன். கேஸ் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். வேலூருக்கே அனுப்பிவிட்டால் போதும். அந்தப் பெருமாள் எப்படிப்பட்ட ஆளோ, அண்ணாவிடம் என்னென்ன சொல்லி வைக்கிறானோ. அவர் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார் ஐயா, பக்கத்தில் நான் இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு.