வீட்டோடு நோன்பு

கேஸ் செலவை மிச்சம் பிடிக்கவென்று தவணைக்கு மின்னடுப்பு வாங்கி, கரண்ட் பில் கட்ட மோதிரத்தை அடகு வைத்த அறிவாளி நான். ஆகவே கற்பிட்டியிலிருந்து வரும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் சிக்கனம் பேசியபோது காதைத் தீட்டிக்கொண்டேன்.

"திங்களும் வியாழனும் வீட்டோட நோன்பு, ராத்தா," என்றாள் இளையவள். "பகல் சாப்பாட்டுக் காசு லோனுக்குப் போகும்."

"சின்னவளுமா?"

"ஓம். போன கிழமை பள்ளிக்கூடத்தில மயங்கி விழுந்திட்டாள்."

"ஆறு வயசுப் புள்ளைக்கு என்னடி நோன்பு? அல்லாஹ் கேக்கமாட்டானா? அவளுக்குச் சோறக் குடு."

"குடுக்கலாம். லோன் காசு குறைஞ்சா, ஒரே லோன் குழுவில இருக்கிற நீங்கதானே எனக்காகக் கட்டணும்?"

மூத்தவள் ஜன்னல் வழியே உப்பளத்தைப் பார்த்தாள். பஸ் பாலாவி ஊரைத் தாண்டியது. பிறகு மூத்தவள் சொன்னாள்:

"நோன்பு பழகுற வயசுதானே."