வாங்குகிறவன் முகம்

இந்த ஃபேன் சுற்றும்போது டக் டக்கென்று அடிக்கிறதே, அது பேரிங் கோளாறு சார். ஒரு ஸ்க்ரூடிரைவர் கொடுத்தால் வாக்குமூலம் முடிவதற்குள் சரிசெய்து தருவேன். தேனியில் பதினாறு வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறேன். கோளாறோடு ஒரு சாமானை ஓடவிட எனக்கு மனசு ஒப்பாது.

போன வருஷம், எண்பத்தேழில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள என் கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி வைத்தேன், டோக்கன் போட்டு வில்லனைக் குத்தி வீழ்த்துகிற ஆட்டம். ஒரிஜினலுக்கு நான் எங்கே போவேன்? சென்னையில் ஆதித்தன் என்பவரிடம் வாங்கிய திருட்டுக் காப்பி. அவர் விவரமான ஆள். ஒரே விளையாட்டைக் கம்பெனிக்காரன் பல நாடுகளுக்கு விற்கும்போது வில்லனை மாற்றிவிடுவானாம். ஒரு தேசத்தில் பட்டாளத்துக்காரனாக வருகிறவன், அந்தப் பட்டாளத்தின் சொந்த நாட்டில் விற்கும்போது பேயாகிவிடுவான். "காசு போட்டு வாங்குறவன் மூஞ்சிய வில்லனா வைக்க மாட்டாங்க" என்றார். காப்பியடித்தவர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்பெனியின் பெயரோடு வில்லனின் பெயரையும் அழித்திருந்தார்கள். திரையின் மேல் ஓரத்தில், பெயர் வரவேண்டிய இடத்தில், வெறும் கறுப்புக் கட்டம்தான் இருந்தது.

இரண்டாம் மாதம் போர்டில் ஒரு வயர் விட்டுப்போய் வில்லனின் முகத்தில் பாதி வெள்ளையாகிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த ஜீப் டிரைவர் செல்வமணி, "ஏலே, இது நம்ம ராஜமணிலே" என்றான். எதிர்த்த ஏலக்காய்க் கடையில் எடை போடும் ராஜமணி அண்ணாச்சிக்கு முகத்தில் பாதி வெண்படை. கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு துண்டுத் தாளில் அவர் பெயரை எழுதி அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டினேன். அந்த வாரம் முடிவதற்குள் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

பிறகு அண்ணாச்சியே வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, ஞாயித்துக்கிழமை எம் மக கிருபாவதியப் பொண்ணு பாக்க வாராக. நான் இப்படி இருக்கேன்னு தெரிஞ்சும் சம்மதிச்சவுக. அந்தப் பேர மட்டும் எடுத்துருங்க" என்றார். நான் அவரை மரியாதையாக உட்காரவைத்து, ஆதித்தன் சொன்ன தொழில்முறையை விளக்கினேன். அவர் எழுந்து ஒரு டோக்கன் வாங்கினார்.

அவருக்கு ஆட வரவில்லை. தன் பெயருக்குக் கீழே தெரிந்த தன் முகத்தைக் குத்தத் தெரியாமல் குத்தினார். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். மறுநாளும் வந்தார். அவர் ஆடுவதைப் பார்க்கவே படிவரைக்கும் கூட்டம் நின்றது. நாலாம் நாள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நானும் வாங்குறவந்தானே தம்பி?" என்றார். பார்க்கலாம் அண்ணாச்சி என்றேன். அப்பேர்ப்பட்ட கூட்டத்தை எந்தக் கடைக்காரன் கலைப்பான், நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அழைத்துப்போக வந்த அண்ணாச்சியைச் செல்வமணியும் கூட்டாளிகளும் சுற்றிக்கொண்டு, பெட்டியின் சத்தத்தை வாயால் போட்டபடி அவர் முகத்துக்கு நேரே காற்றில் குத்துவிட்டார்கள். வந்தவர்கள் அடுத்த பஸ்ஸிலேயே அனுமந்தன்பட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். கிருபாவதி அதற்கப்புறம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை என்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி வந்து ஓர் ஆட்டம் ஆடினார். முதல்முறையாக ஜெயித்தார். சாயங்காலம் அவரை வீரபாண்டி ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.

எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வயரைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. அது விட்டுப்போன மறுநாளே கண்டுபிடித்துப் பற்றவைத்தேன், பத்து நிமிஷ வேலை. வில்லனின் முகம் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கடையை ஈ, காக்கா எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் நானே அதைக் கழற்றிவிட்டேன். அண்ணாச்சி என் முன்னால் உட்கார்ந்து கேட்டபோது அந்த வயர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரை யாரும் கையைப் பிடித்து இழுத்துவரவில்லை சார். பிடிக்காமலா தினமும் வந்து ஆடியிருப்பார்?